பதினோராம் எண்

பிரிட்டோரியா, காப்பகத்தின் மூன்றாம் மாடி.
ரப்பர் கையுறை மாட்டிய பையன்
கோப்பைக் கொண்டுவந்து மெதுவாக இறக்கினான்,
வலிக்கும் என்பதுபோல.
நானூற்றுப் பதினாறு தாள்கள்.
இருபதுக்குமேல் நகல் எடுக்க அனுமதியில்லை என்றான்.
தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டான்.

அம்மாவுக்கு ஆப்பிரிக்கான்ஸ் புரியும்.
முப்பது வருஷம் அந்த மொழி சொன்ன தரைகளைத்தான் துடைத்தாள்.
படிக்க வராது.
நான் வாய்விட்டு வாசித்தேன்.

அப்பாவின் பெயரை மூன்று விதமாகத் தப்பாய் எழுதியிருக்கிறார்கள்.
ஸ்வெலின்சிமா.
எங்கள் மொழியில், நாடு கனக்கிறது என்று பொருள்.
நாலாவது தாளிலிருந்து அந்தச் சிரமமும் வேண்டாமென்று
'இலக்கு' என்றே போட்டுவிட்டார்கள்.

இலக்கு காலை 6.40க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார்.
சாம்பல் கோட்டு, வலது கையில் ஒரு பொத்தான் இல்லை.
இலக்கு தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறார்.
இலக்கின் மனைவி கர்ப்பமாக இருக்கக்கூடும்.
தகவல்: கே 417.

அம்மா நிமிர்ந்தாள்.
அதை அவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்,
துணி உலர்த்தும்போது, காற்றுக்குக்கூடக் கேட்காமல்.
அந்த ஒருத்தி
போன ஞாயிறுகூட தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து
ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடினாள்.

"மேலே படி" என்றாள் அம்மா.

அந்தக் கரு தங்கவில்லை.
அது கோப்பில் இல்லை.
அவர்களுக்குத் தெரியாத ஒன்று
எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது என்பதில்
எனக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம்.

மற்றதெல்லாம் இருக்கிறது.
எனக்கு அவர் முகம் பாதிதான் ஞாபகம்,
காதுக்குக் கீழே ஒரு தழும்பு, அதுவும் எந்தக் காது?
இடது காது. தாள் 88.
மகள் வைத்திருக்க வேண்டியதையெல்லாம்
சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ வைத்திருந்தார்கள்.

1982, ஜூலை 14, புதன்.
மாலை 4.10: இலக்கு செருப்புக் கடைக்குள் நுழைந்தார்.
குழந்தைக் காலணி ஒரு ஜோடி. பழுப்பு. பதினோராம் எண்.
4.35:
அதன்பின் ஆறு வரிகள் கறுப்பு மை.

அடுத்த தாள் செலவுக் கணக்கு.
பெட்ரோல், இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு.
பிராந்தி, ஒரு பாட்டில்.
ஆட்டிறைச்சி, நாலு பேருக்கு.
விறகு, பதினெட்டு மூட்டை.
கையெழுத்து: டி. ஃபோஸ்லோ. ரசீது இணைக்கப்பட்டுள்ளது.

நாலு பேர் இறைச்சி சுட
பதினெட்டு மூட்டை எதற்கு என்று
மேலதிகாரி எவனும் ஓரத்தில் கேள்விக்குறி போடவில்லை.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அந்தக் காலணி எங்கே போச்சு?"

எனக்கு அப்போது ஆறு வயது.
வாங்கி வருகிறேன் என்று காலையில் நூலால் என் பாதத்தை அளந்தார்.
மறந்துவிட்டார் என்றே நாற்பது வருஷம் வைத்திருந்தேன்.
மறந்தவரோடு சண்டை பிடிக்கலாம்,
வாசலைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளலாம்.
அந்தக் குளிரில் வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்தபோது
எனக்குத் துணையாக வந்தது அந்தக் கோபம்தான்.
இப்போது அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஃபோஸ்லோவுக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருந்திருக்குமோ.
விறகோடு விறகாய்ப் போயிருக்குமோ.
தோல் எரிந்தால் என்ன வாசம் வரும் என்று
நான் யோசிக்கத் தொடங்கியதும்
பையன் வந்து, ஐயோ, நேரமாகிவிட்டது என்றான்.

ஒரே ஒரு தாளை நகல் எடுத்தோம்.
"மீதிப் பத்தொன்பது?" என்றான்.
அம்மா கைப்பையை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போனாள். அதே பெஞ்சு.
பாட்டுப் புத்தகத்தை மட்டும்
தன் பக்கமாய்ச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.
பக்கத்திலிருந்தவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.
பிறகு மனப்பாடமாய்ப் பாடினாள்.
ஐந்து சரணம்.
ஒரு சொல் தப்பவில்லை.